ஆம்ஸ்ட்ராங் எண்ணுக்கு கியூப் போடச் சொல்வதை எப்போது நிறுத்தப் போகிறீர்கள்?

சி புரோகிராமிங் லேப் என்றால் ஆம்ஸ்ட்ராங் எண் கட்டாயம் உண்டு. ஒவ்வொரு இலக்கத்துக்கும் அடுக்குப் போட்டுக் கூட்டினால் அதே எண் திரும்ப வந்தால், அதுதான் ஆம்ஸ்ட்ராங் எண். வருஷா வருஷம் அதே ரெக்கார்ட் நோட், அதே பத்து வரி, அதே தப்பு. கடைசி இலக்கத்தை எடு, அதையே மூன்று தடவை போட்டுப் பெருக்கு (அதுதான் கியூப்), கூட்டு. 153 கொடுத்தால் சரியாக வருகிறது. உடனே கையெழுத்து, அடுத்த புரோகிராம்!

1634 கொடுத்துப் பாருங்கள். 1, 216, 27, 64. கூட்டினால் 308. ‘இல்லை’ என்று அடித்துச் சொல்லும். ஆனால் அது நாலு இலக்க எண். நாலாம் அடுக்கு போட்டால் 1 + 1296 + 81 + 256, அச்சாக 1634. எத்தனை இலக்கமோ அத்தனையாவது அடுக்கு என்பதுதான் விதியே. கியூப் என்று மனப்பாடம் செய்ய வைத்தால் 8208, 9474 எல்லாம் போச்சு. 2 முதல் 9 வரைகூடத் தப்பாகவே வரும்.

சரி, இலக்கத்தை எண்ணி, அடுக்கைக் கணக்கிடும் ‘பவ்’ ஃபங்ஷன் போடலாம் என்று போகிற பிள்ளைக்கு அடுத்த அடி. பவ் தருவது டபுள், அதாவது தசமப் புள்ளி வைத்த எண். சில பழைய விண்டோஸ் கம்பைலர்களில் 5-இன் மூன்றாம் அடுக்கு 125-க்குக் கொஞ்சூண்டு குறைவாக வரும். கூட்டுத்தொகை இன்ட், அதாவது முழு எண் மட்டும், என்பதால் புள்ளிக்குப் பின்னால் இருப்பது வெட்டுப்படும். 153-க்கு 152 வந்து நிற்கும். லாஜிக் சரி, விடை தப்பு! பிள்ளை லூப்பை, அதாவது திரும்பத் திரும்ப ஓடும் பகுதியை, போட்டு நோண்டிக்கொண்டே இருக்கும், காரணம் சொல்ல ஆள் இருக்காது. பவ்வே வேண்டாம் என்று சொல்லிக்கொடுங்கள். 1-இல் தொடங்கி, இலக்க எண்ணிக்கை எத்தனையோ அத்தனை தடவை ஃபார் லூப்பில் அந்த இலக்கத்தால் பெருக்கினால் போதும்.

இதைவிடக் கொடுமை ஒன்று இருக்கிறது. இலக்கம் எண்ணும்போது பத்தால் வகுத்து வகுத்து, எண்ணை வைத்திருக்கும் வேரியபிள் 0 ஆகிவிடும். மூல எண்ணைத் தனியாக எடுத்து வைக்காமல் அதே வேரியபிளை வைத்துக் கூட்டப் போனால், கூட்டுகிற இரண்டாவது லூப் ஓடவே ஓடாது. கூட்டுத்தொகை 0, வேரியபிளும் 0, இரண்டும் சமம். எந்த எண்ணைக் கொடுத்தாலும் ஆம்ஸ்ட்ராங்தான்! 153 மட்டும் போட்டுப் பார்க்கிறவர்கள் கண்ணில் இது எப்படிப் படும்?

பைத்தானிலும் இதே கதி. ஒற்றைச் சாய்கோடு போட்டு வகுத்தால் 153 அடுத்த சுற்றில் 15.3 ஆகும், மீதி 5.3 வரும், லூப் முந்நூறு சுற்றுக்கு மேல் ஓடிக் குப்பையைக் கூட்டித் தரும். முழு எண்ணாக வகுக்கும் இரட்டைச் சாய்கோடு போட வேண்டும்.

கையெழுத்துப் போடும் முன் 7, 10, 154, 407, 1634, 9475 இந்த ஆறையும் கொடுத்துப் பாருங்கள். 7, 407, 1634 மூன்றுக்கும் ‘ஆம்’, மற்றதற்கு ‘இல்லை’ வர வேண்டும். ஒன்று மாறினாலும் நோட்டைத் திருப்பிக் கொடுங்கள்.