ஈ என்றால் அவ்வளவு இளக்காரமா?

ஈ ஆராய்ச்சிக்கு அரசு பணம் தருவதைக் கேலி செய்யும் அந்த விவாத வீடியோவை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். "ஈயின் உடம்பு எப்படி உருவாகிறது என்று பார்க்க மக்கள் வரிப்பணமா?" என்று அதில் பேசிய ஒருவர் கேட்டதும் அரங்கமே சிரித்தது. எனக்கு அந்தச் சிரிப்புதான் உறுத்துகிறது.

ஜெர்மனியின் ஹைடெல்பெர்கில் நுஸ்லைன்-ஃபோல்ஹார்ட், வீஷவுஸ் என்ற இரண்டு விஞ்ஞானிகள் உட்கார்ந்து பார்த்ததும் பழ ஈயின் புழுக்களைத்தான். எந்த மரபணு கெட்டால் உடம்பில் எந்தப் பகுதி பிசகுகிறது என்று 1980இல் எழுதினார்கள். 1995இல் நோபல் பரிசு. அவர்கள் கண்டெடுத்த மரபணுக்களில் ஒன்று 'ஹெட்ஜ்ஹாக்'. அதே குடும்பத்து மரபணுதான் நாம் கருவில் இருக்கும்போது எது கட்டைவிரல், எது சுண்டுவிரல் என்று ஒழுங்குபடுத்துகிறது. அந்த மரபணு வழியாகச் செல்களுக்குப் போகும் சமிக்ஞை பின்னாளில் அடங்காமல் ஓடினால் ஒருவகைத் தோல் புற்றுநோய் வரும். அதைத் தடுக்கும் விஸ்மோடெகிப் மருந்துக்கு 2012இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. எல்லாம் ஈயில் தொடங்கியது. ஆமாம், ஈயில்தான்.

"மனிதர்களிடமே ஆராயலாமே" என்பீர்கள். மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் நரம்புக்குழாய், கரு உருவான நான்கு வாரத்துக்குள் மூடிவிடுகிறது. கர்ப்பம் என்பதே பல பெண்களுக்கு அப்போதுதான் தெரியவரும். அதற்குள் எதை, யாரிடம் போய்ப் பார்ப்பது?

"நோய்களுக்கு முதலில் செலவழியுங்கள்." சரி, செய்யுங்கள். யார் வேண்டாம் என்றது?

நான் வரிக்குதிரை மீன் கருக்களோடு வேலை செய்கிறேன். "மீன் வளர்க்கிறாளாம்" என்று சொந்தக்காரர்கள் முன்னால் சித்தப்பா சொன்னபோது நானும் சிரித்து வைத்தேன். ஒருமுறை அவர் நுண்ணோக்கியில் கண் வைத்துப் பார்த்திருக்கலாம். கரு முழுக்க ஒளி ஊடுருவும். ஏறக்குறைய ஒரு நாள் ஆனதும், அதுவரை சும்மா இருந்த சிறு குழாய் ஒன்று லேசாகத் துடிக்கும். நிற்கும். மறுபடி துடிக்கும். அப்புறம் நிற்காது. இதயம் அது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்குக் கை சில்லிட்டுப்போகும். இதிலிருந்து மருந்து வருமா என்று கேட்காதீர்கள். ஓர் உயிர் தன்னைத்தானே எப்படிக் கட்டிக்கொள்கிறது என்று தெரிந்துகொள்வது மட்டும் ஏன் போதாது?

இத்தாலியின் சர்வாதிகாரி முசோலினி யூதர்களுக்கு எதிராகக் கொண்டுவந்த இனச் சட்டத்தால் வேலை போன பிறகு, விஞ்ஞானி ரீட்டா லெவி-மொந்தால்சினி தன் படுக்கையறையிலேயே கோழிக் கருவை வைத்து நரம்புகள் எப்படி வளர்கின்றன, ஏன் மடிகின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே போர். அவரிடம் போய் "இதனால் என்ன பயன்" என்று கேட்டிருப்பீர்களா? 1986இல் அவருக்கும் நோபல் கிடைத்தது. கிடைக்காமல் போயிருந்தாலும் அது பெரிய வேலைதான்.

எங்கள் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த மாணவி அந்த வீடியோவை அனுப்பி, "வீட்டில் இதைக் காட்டித்தான் கேட்கிறார்கள் மேடம், நான் என்ன சொல்ல?" என்று எழுதியிருந்தாள். அவளுக்காகத்தான் இவ்வளவும். அம்மா அப்பாவிடம் இதை அப்படியே வாசித்துக் காட்டும்மா. அவர்களுக்குக் கேள்வி இருந்தால் என்னை அழைக்கச் சொல், நான் பேசுகிறேன்.