அந்தப் பெனால்டியை டாபோ உதைத்திருக்கவே வேண்டியதில்லை

2023 மே 27. நம் நேரப்படி இரவு ஒன்பதேகாலுக்குத் தொடங்கிய ஆட்டம் நள்ளிரவைத் தொட்டுக்கொண்டிருந்தது. இங்கிலாந்துக் கால்பந்தின் இரண்டாம் டிவிஷனில் மூன்றாம் இடம் முதல் ஆறாம் இடம் வரை முடித்த அணிகள், மேலே ஏறும் கடைசி இடத்துக்காக மோதும் ‘பிளே-ஆஃப்’பின் இறுதி ஆட்டம் அது. லண்டனின் வெம்பிளி மைதானத்தில் லூட்டன் டவுனும் கவென்ட்ரி சிட்டியும் 120 நிமிடங்கள் ஓடி ஓய்ந்து 1-1 என்று நின்றன. பிறகு பெனால்டி. இரு தரப்பிலுமாகச் சேர்த்துத் தொடர்ந்து பதினொரு பந்துகள் வலைக்குள் போயின. பன்னிரண்டாவதை உதைக்க வந்தவர் கவென்ட்ரியின் பின்கள வீரர் ஃபன்காட்டி டாபோ. அது குறி தவறியது. லூட்டன் 6-5 என்று வென்று, 31 ஆண்டுகளுக்குப் பிறகு, இன்று பிரீமியர் லீக் எனப்படும் இங்கிலாந்தின் முதல் டிவிஷனுக்குத் திரும்பியது.

நான் அன்று லூட்டன் பக்கம். இன்றும் அந்த வெற்றியை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது. 2008-09 பருவத்தைத் தொடங்கும் முன்பே 30 புள்ளிகளைத் தண்டனையாக இழந்து, நான்கு டிவிஷன்கள் கொண்ட லீக்கை விட்டே வெளியே விழுந்த கிளப் அது. ஐந்து பருவங்கள் வெளியில் கிடந்தது. கெனில்வொர்த் சாலையில் இருக்கும் அதன் மைதானத்துக்குள் எதிரணி ரசிகர்கள் நுழைய வேண்டுமென்றால், வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளுக்கு நடுவே உள்ள வாசல் வழியாகத்தான் போக வேண்டும். படியேறும்போது கீழே குடியிருப்பவர்களின் கொல்லைப்புறம் தெரியும். லீக்குக்கு வெளியே இருந்த காலத்தில் லூட்டனுக்கு வந்த பெலி ரடக் எம்பன்சு, அதே சட்டையுடன் பிரீமியர் லீக் வரை போனார். அன்று ஆட்டத்தின் தொடக்கத்திலேயே கேப்டன் டாம் லாக்கியர் மைதானத்தில் சரிந்து விழுந்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அவர் இல்லாமல்தான் மற்றவர்கள் அத்தனை நேரம் ஆடி முடித்தார்கள்.

கவென்ட்ரியும் சொகுசாக வளர்ந்த அணி அல்ல. சொந்த ஊரில் ஆட இடமில்லாமல் ஒரு பருவம் நார்தாம்டனிலும், பின்னர் இரண்டு பருவங்கள் பர்மிங்காமிலும் ‘உள்ளூர்’ ஆட்டங்களை ஆடியவர்கள். 2017-18இல் நான்காவது டிவிஷனில் இருந்தார்கள். ஐந்தே ஆண்டுகளில் வெம்பிளி.

இப்படிப்பட்ட இரண்டு அணிகளின் ஒரு வருட உழைப்பை ஒரு மனிதனின் காலில் ஏற்றி வைப்பது எனக்குச் சம்மதமில்லை. ஆட்டம் முடிந்ததும் டாபோவை நோக்கிச் சமூக வலைத்தளங்களில் இனவெறி வசைகள் கொட்டப்பட்டன. கிளப் அதை வெளிப்படையாகக் கண்டித்தது. அந்தக் கோடையிலேயே அவர் கவென்ட்ரியை விட்டும் போனார். வசை பாடியவர்களின் குற்றம் அவர்களுடையதுதான். அதை எந்த ஆட்ட விதியின் மேலும் நான் இறக்கிவைக்க மாட்டேன். ஆனால் அந்த இடத்தில் அவரைத் தனியே கொண்டுபோய் நிறுத்தியது பெனால்டி விதிதான்.

இந்த டிவிஷனின் லீக் என்பது 46 ஆட்டங்கள். கோடையில் தொடங்கி மே வரை, மழையிலும் பனியிலும், சில வாரங்களில் மூன்று நாளைக்கு ஒரு முறை. அந்தப் பட்டியலில் லூட்டன் 80 புள்ளிகளுடன் மூன்றாம் இடம். கவென்ட்ரி 70 புள்ளிகளுடன் ஐந்தாம் இடம். 120 நிமிடங்கள் மோதியும் இரண்டு அணிகளும் சமம் என்றால், யார் மேலானவர் என்பதற்கான விடை கையிலேயே இருக்கிறது. மே மாதம் வரை அந்தப் பட்டியலைத் தெய்வ வாக்காகக் கொண்டாடிவிட்டு, இறுதி ஆட்டத்தன்று மட்டும் கிழித்துப் போடுவது ஏன்? சமநிலை என்றால் பட்டியலில் மேலே முடித்த அணி மேலே போகட்டும். அவ்வளவுதான் நான் கேட்பது.

இது என் கற்பனை அல்ல. இத்தாலியின் இரண்டாம் டிவிஷனான சீரி பி பிளே-ஆஃபில் இருப்பதே இதுதான். அதே 2023 ஜூனில், வெம்பிளி ஆட்டம் முடிந்து சுமார் இரண்டு வாரத்தில், பாரியும் கலியாரியும் இறுதிச் சுற்றில் மோதின. பாரி மூன்றாம் இடம், கலியாரி ஐந்தாம் இடம். அதாவது லூட்டன், கவென்ட்ரி இருந்த அதே படிகள். முதல் ஆட்டம் கலியாரியில் 1-1. இரண்டாவது ஆட்டம் பாரியின் சான் நிகோலாவில். கோல் விழாமல் முடிந்தாலே பாரி முதல் டிவிஷனான சீரி ஆவுக்குப் போயிருக்கும். 94ஆவது நிமிடத்தில் லியோனார்டோ பவொலெட்டி ஒரு கோல் போட்டார். மைதானமே உறைந்தது. பயிற்சியாளர் ரனியேரியின் கலியாரி மேலே போனது.

பாரிக்காரர்களுக்கு அது சாவு வீடு போன்ற இரவு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அன்று யாரும் தனி ஆளாகக் குறி தவறவில்லை. எதிரணி கடைசி நொடி வரை முட்டி மோதி ஒரு கோலை வென்றெடுத்தது. அந்தத் தோல்வியை ஓர் ஊரே பகிர்ந்துகொள்ள முடியும்.

‘அப்படியானால் மேலே முடித்த அணி சமநிலைக்காகவே ஆடுமே’ என்று ஒரு நண்பர் கேட்டார். ஆடட்டும். பத்து மாதம் உழைத்துச் சம்பாதித்த சலுகை அது. எதிரில் இருப்பவர்கள் தாக்கித்தான் ஆக வேண்டும் என்ற நிலையில், ஒரு தரப்பாவது கோலைத் தேடி ஓடும். பெனால்டிக்குப் பயந்தும் பெனால்டியை நம்பியும் இரண்டு அணிகளும் பின்வாங்கி நிற்கும் கூடுதல் நேரத்தை எத்தனை முறை பார்த்துவிட்டோம்!

பிளே-ஆஃபே வேண்டாம் என்பவர்களோடும் நான் சேர மாட்டேன். ஏப்ரலில் எட்டாம் இடத்தில் இருக்கும் அணிக்கும் ஒரு கனவு மிச்சம் இருப்பது அதனால்தான். 2025இல் 90 புள்ளிகளுடன் முடித்த ஷெஃபீல்ட் யுனைடெட்டை, 76 புள்ளிகள் மட்டுமே எடுத்திருந்த சண்டர்லாண்ட் 95ஆவது நிமிட கோலில் 2-1 என்று வென்றது. வலித்தாலும் ஏற்கிறேன். அது ஆட்டத்தில் வந்த கோல்.

அதே சண்டர்லாண்டுக்கு 1998இல் நடந்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 90 புள்ளிகளுடன் மூன்றாம் இடம் பிடித்து, 88 புள்ளிகள் எடுத்த சார்ல்டனோடு வெம்பிளியில் 4-4. பெனால்டியில் 7-6 என்று தோல்வி. கடைசிப் பந்தைத் தவறவிட்ட மைக்கேல் கிரே சண்டர்லாண்டிலேயே பிறந்தவர். சார்ல்டனுக்காக அன்று மூன்று கோல் போட்ட கிளைவ் மென்டோன்சாவும் அதே ஊர்க்காரர்.

லூட்டனுக்கும் இந்த வலி தெரியாததல்ல. 2011இல், லீக்குக்குத் திரும்பும் வாசலில், ஏ.எஃப்.சி. விம்பிள்டனிடம் பெனால்டியில்தான் தோற்றார்கள்.

விதியை மாற்ற முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். பிளே-ஆஃப் தொடங்கிய 1987இல் இறுதிச் சுற்று இரண்டு ஆட்டங்களாக நடந்தது. சார்ல்டனும் லீட்ஸும் ஆளுக்கொன்று வென்றபோது, பெனால்டிக்குப் போகாமல் பர்மிங்காமில் மூன்றாவது ஆட்டமே வைத்தார்கள். 1990இல்தான் வெம்பிளியில் ஒரே ஆட்டம் என்று ஆக்கினார்கள்.

லூட்டனின் வெற்றி குறைந்தது 17 கோடி பவுண்டு பெறும் என்று அன்று தணிக்கை நிறுவனமான டெலாய்ட் கணக்குப் போட்டது. ஒளிபரப்பில் அந்தத் தொகையையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அந்தக் கணக்கின் பாரம் முழுவதையும் நடுவட்டத்திலிருந்து தனியாக நடந்து வந்த ஒருவரின் தோளில் வைத்தார்கள்.

நான் கேட்கும் விதி அன்று இருந்திருந்தால் முடிவு மாறியிருக்காது. லூட்டன்தான் மேலே போயிருக்கும். 120ஆவது நிமிட விசில் ஊதியதும் கவென்ட்ரிக்காரர்கள் பதினொரு பேரும் புல்தரையில் உட்கார்ந்து அழுதிருப்பார்கள். டாபோவும் அவர்களில் ஒருவராக இருந்திருப்பார்.