குரங்கின் கையில் வாணலி

"பையன் காரை எடுப்பதும் பெண் பிள்ளை பொம்மையை எடுப்பதும் பிறவிக் குணம். ஆண் குரங்குகூட காரைத்தான் எடுக்குது, இதில் வளர்ப்பு எங்கே வந்தது?" என்று பதிவு போடுகிறவர்களிடம், அந்தக் குரங்குகளுக்கு என்னென்ன கொடுத்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். 2002-ல் அலெக்சாண்டர், ஹைன்ஸ் என்ற ஆய்வாளர்கள் வெளியிட்ட வெர்வெட் குரங்கு ஆய்வு அது. பந்தும் போலீஸ் காரும் 'ஆண்' சாமான். பொம்மையும் வாணலியும் 'பெண்' சாமான். பெண் குரங்குகள் வாணலியோடும் அதிக நேரம் இருந்தன. குரங்கு எந்த ஜென்மத்தில் சமைத்தது? நிறம் இழுத்ததா, வடிவம் இழுத்ததா என்று அந்த ஆய்வை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. 2008-ல் ரீசஸ் குரங்குகளுக்குச் சக்கர வண்டியும் மெத்தென்ற துணிப் பொம்மையும் கொடுத்தபோது, ஆண்கள் வண்டிப் பக்கம் தெளிவாகச் சாய்ந்தன. பெண்களிடம் அப்படி ஒரு சாய்வு தெரியவில்லை.

அதற்காக உடம்புக்குப் பங்கே இல்லை என்பதும் தப்பு. அதற்கு வலுவான சாட்சி குரங்கு அல்ல, சிஏஹெச் என்ற பிறவிக் குறைபாடு. பெரும்பாலும் 21-ஹைட்ராக்சிலேஸ் என்ற என்சைம் போதாமல், கார்ட்டிசால் என்ற ஹார்மோன் ஆக வேண்டியது ஆண்ட்ரோஜன் என்ற ஆண் ஹார்மோனாகத் திரும்பிவிடும், அதுவும் கருவிலேயே. இப்படிப் பிறந்து பெண்ணாகவே வளரும் குழந்தைகள் கார், கட்டுமானச் சாமான் பக்கம் கூடுதலாகப் போகிறார்கள் என்று 1992-லேயே காட்டிவிட்டார்கள். பெற்றோர் தூண்டிவிட்டார்களோ? 2005 ஆய்வில் நேர்மாறு: இந்தப் பெண்களைத்தான் பெண் பிள்ளைச் சாமானோடு விளையாடச் சொல்லி அதிகம் உற்சாகப்படுத்தினார்கள். பலிக்கவில்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது 2016-ல் வந்த ஆய்வு. பொதுவான பொருளைக் காட்டி "இது பெண் பிள்ளைகளுக்கு" என்றால் சிஏஹெச் இல்லாத பெண் குழந்தைகள் அதன் பக்கம் சாய்கிறார்கள். சிஏஹெச் உள்ளவர்கள் அந்த அளவுக்குச் சாய்வதில்லை. அதாவது ஊர் சொல்வதை எவ்வளவு காதில் போட்டுக்கொள்வது என்பதிலேயே ஹார்மோன் கை வைக்கிறது. இதில் எது உடம்பு, எது வளர்ப்பு என்று எங்கே கோடு போடுவீர்கள்?

பெண் பிள்ளைக்கு ரோஸ் நிறம் பிடிக்கும் என்பதை மட்டும் ஹார்மோன் கணக்கில் எழுதாதீர்கள். இரண்டு வயதுவரை நிறத்தில் ஆண், பெண் வித்தியாசம் தெரியவில்லை (2010, பார்க்கும் நேரத்தை அளந்த ஆய்வு). அதே ஆய்வில் ஒரு வயது ஆண் குழந்தைகளும் காரைவிடப் பொம்மையைத்தான் அதிகம் பார்த்தார்கள்!

வீட்டில் சோதிக்க ஆசையா? காரும் பொம்மையும் ஒரே நிறத்தில், ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கட்டும். இடம் வலம் மாற்றி மாற்றி வையுங்கள். முதலில் எதை எடுத்தது என்பதை விட்டுவிட்டு, எதோடு எத்தனை நிமிடம் என்று எண்ணுங்கள். ஒரு நாள் போதாது, பல நாள். நீங்கள் குழந்தைக்குப் பின்னால் உட்காருங்கள். எதிரே இருந்தால் எதை எடுக்கும்போது உங்கள் முகம் மலர்கிறது என்று அது பார்த்துவிடும்.