மூன்று வினாக்குறிகள்

ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுக்கிறேன் என்றதும், "இந்தக் காலத்தில் கடிதமா?" என்று கேட்டார்கள். புதிய ஏற்பாட்டின் 27 புத்தகங்களில் 21 கடிதங்கள். ஒருவரையொருவர் தேற்ற நம் முன்னோர் கைக்கொண்ட வழியே அதுதான்.

உடல்நலம் குன்றிப் பல வாரங்களாக ஆலயத்துக்கு வர முடியாத ஒரு பாட்டிக்கு எழுதச் சொன்னேன். நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் தாளில் முதல் வரி இப்படி இருந்தது: "ஏன் ஆலயத்துக்கு வரவில்லை???" அவள் ஏக்கத்தோடுதான் எழுதினாள். ஆனால், படுக்கையில் கிடப்பவர் வாசித்தால் யாரோ அதட்டுவதுபோல் இருக்கும். அடுத்த வரி: "பாட்டி அம்மா தினமும் உங்களுக்காக ஜெபிக்கிறார்." ஜெபிப்பது யார்? பாட்டியின் அம்மாவா? 'பாட்டி'க்குப் பின் ஒரு காற்புள்ளி விழுந்திருந்தால், கூப்பிட்டதும் தனியாகக் கேட்டிருக்கும், அம்மாவும் யாரென்று விளங்கியிருக்கும்.

நேரில் பேசும்போது குரல் தாழ்கிறது, கண் கலங்குகிறது. தாளில் அதற்கெல்லாம் ஈடாக நம்மிடம் இருப்பவை இந்தச் சின்னக் குறிகள்தாம். இவற்றை மதிப்பெண்ணுக்கான இலக்கணமாக மட்டும் நடத்துவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. வாசிப்பவர் தடுமாறக் கூடாதே என்ற கரிசனை அன்பில் சேர்த்தி இல்லையா?

நான் சிவப்பு மையைத் தொடுவதில்லை. எழுதியிருக்கிறபடியே உரக்க வாசித்துக் காட்டுவேன். "ஐயோ, நான் அப்படி நினைத்து எழுதவில்லை!" என்று பிள்ளையே பென்சிலைத் தேடும்.

புதிய ஏற்பாட்டில், அப்போஸ்தலனாகிய பவுல் தம் உடன்ஊழியரான பிலேமோனுக்கு எழுதிய கடிதத்தின் 25 வசனங்களையும் சேர்ந்து வாசித்தோம். வாழ்த்துகிறார், பிலேமோனின் அன்பைக் கேள்விப்பட்டதாகச் சொல்லி ஸ்தோத்திரிக்கிறார், அதன்பிறகே பிலேமோனின் அடிமையான ஒநேசிமுவை ஏற்றுக்கொள்ளும்படி அவனுக்காகப் பேசுகிறார். அதையும் கட்டளையாகச் சொல்ல உரிமை இருந்தும், அன்பினிமித்தம் மன்றாட்டாகச் சொல்கிறார். "கவலைப்படாதீர்கள்", "தைரியமாக இருங்கள்" என்று நாம் பிள்ளைகளுக்கு மனப்பாடமாகக் கொடுக்கும் வரிகளும் ஒருவகையில் கட்டளைகளே. நோயுற்றவரால் அவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? உனக்கு அவரைப் பற்றி என்ன ஞாபகம் இருக்கிறதோ, அதை எழுது என்றேன்.

அந்தச் சிறுமி முதல் வரியை முழுவதும் அழித்தாள். வெகுநேரம் யோசித்துவிட்டு எழுதினாள்: "பாட்டி, நீங்கள் உட்காரும் ஓரத்து இடத்தில் என் வேதாகமத்தை வைத்திருக்கிறேன். இப்போது வலி குறைந்திருக்கிறதா?"

ஒரே ஒரு வினாக்குறி. அதன் புள்ளியைப் பென்சிலால் இரண்டுமுறை அழுத்தி வைத்தாள்.