செம்பூரை விற்றுவிட்டு வரச் சொல்லும் தம்பிக்கு

மும்பையை ஒட்டிய தானே நகரத்தில், கோட்பந்தர் ரோட்டில் இருபத்திரண்டாவது மாடியில் குடியேறிய சித்தப்பா மகன் ஒவ்வொரு தீபாவளிக்கும் இதே பாட்டைத்தான் பாடுகிறான். "அந்த செம்பூர் ஃபிளாட்டை வித்துட்டு இங்க வாண்ணே. ரெண்டு பெட்ரூம், கார் பார்க்கிங் எல்லாம் கிடைக்கும். மிச்சத்தை பேங்க்ல போட்டுரலாம்." கணக்கில் தப்பே இல்லை. மும்பை செம்பூரில், லிஃப்ட் இல்லாத, சுவரில் ஓதம் ஏறிய நாற்பது வருஷக் கட்டடத்தில் ஒற்றை பெட்ரூமோடு இருக்கிறவன் நான். ஏன் நகர மாட்டேன் என்கிறேன் என்று போனில் சொல்லி முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். காற்று. செம்பூரை 'கேஸ் சேம்பர்' என்று கிண்டல் செய்வது நான் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே உண்டு. 1950களில் பக்கத்து மாஹுலில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் வந்தன, 60களில் ட்ராம்பேயில் உரத் தொழிற்சாலை. அந்த ஆலைகளை நம்பித்தான் எங்கள் அப்பா மாதிரி ஆட்கள் தூத்துக்குடிப் பக்கமிருந்து ரயிலேறினார்கள். பக்கத்துத் தேவனார் குப்பைமேடு 2016 ஜனவரியில் பற்றி எரிந்தபோது நாள்கணக்கில் ஜன்னல் திறக்கவில்லை. அம்மாவின் இருமல் மார்ச் வரை நிற்கவில்லை. இதை மறைத்துவிட்டு 'ஆகா செம்பூர்' என்று எழுதினால் மாஹுலில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். எங்கெங்கோ திட்டங்களுக்காக வீடு இழந்தவர்களை ஆலை ஓரத்துக் கட்டடங்களில் கொண்டுபோய் வைத்தார்கள். அவர்களைக் கேட்டால் என் தெருக் காற்று மலைக்காற்று.

குப்பைக்கும் எங்களுக்கும் உறவு பழசு. குர்லாவிலிருந்து செம்பூருக்கு 1906இல் தண்டவாளம் போட்டதே பம்பாய்க் குப்பையைக் கொண்டுவந்து கொட்டத்தான். ஆட்கள் ஏறியது 1924இல். முதல் பயணி குப்பை என்று வெளியூர்க்காரர்களிடம் சொல்லும்போது எனக்கு ஏனோ கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரு பேட்டை நல்ல பேட்டையா என்று பார்க்க என்னிடம் உள்ள அளவுகோல் அம்மாதான். எழுபத்தாறு வயது. மும்பைக்கு வந்து நாற்பத்தெட்டு வருஷம். இந்தி மூன்று வார்த்தை: கித்னா (எவ்வளவு), நஹி (இல்லை), பஸ் (போதும்). இந்த மூன்றை வைத்துக்கொண்டு காலை ஆறரைக்குக் கிளம்பினால் யார் துணையும் இல்லாமல் பால், பூ, இட்லி மாவு, பிரஷர் மாத்திரை எல்லாம் வாங்கிக்கொண்டு எட்டுக்குள் வந்துவிடுவாள். பூக்காரம்மா திருநெல்வேலி. மாவுக் கடைக்காரர் பாலக்காடு. மருந்துக் கடைப் பையன் மராட்டி, ஆனால் "சாப்பாட்டுக்கு முன்னாடி, சாப்பாட்டுக்கு அப்புறம்" என்ற இரண்டை மட்டும் தமிழில் சுத்தமாகச் சொல்வான்.

ஸ்டேஷன் பக்கத்துக் காய்கறிக்காரர் உத்தரப் பிரதேசத்து ஜோன்பூர்க்காரர். அம்மா வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்ப்பாள், 'டக்' என்று ஒடிந்தால்தான் எடுப்பாள். ஆரம்பத்தில் முறைத்தாராம். இப்போது அவரே ஒடித்துக் காட்டிவிட்டுத் தராசில் போடுகிறார். ஒடியாத முற்றல் காயெல்லாம் தனிக் கூடைக்குப் போகிறது. அது யாருக்கு என்று நான் கேட்டதில்லை. முருங்கைக்காய், வாழைத்தண்டு, சேனை எல்லாவற்றையும் தமிழ்ப் பெயரிலேயே கூவுகிறார். போன வாரம் என்னிடமே, "அம்மா நஹி ஆயீ? வாழைப்பூ ரக்கா ஹை" என்றார். அம்மா வரலையா, வாழைப்பூ எடுத்து வச்சிருக்கேன் என்கிறார். ஒரு பூவை ஈரச் சாக்கில் சுற்றி ஓரமாக வைத்திருந்தார். எந்த ஆப்பில் இது வரும்?

அப்புறம் சேடா நகர் முருகன். திருச்செம்பூர் முருகன் என்றுதான் பெயர். திருச்செந்தூர்ப் பக்கத்து ஆட்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே பாதி டிக்கெட் மிச்சம். கோயில் உயரத்தில், படியேறிப் போக வேண்டும். முழங்கால் மக்கர் பண்ணுகிற நாளில் அம்மா கீழேயே நின்று கும்பிட்டுவிட்டு, "அவன் பாத்துக்கிடுவான்" என்று திரும்பிவிடுவாள். கச்சேரி வேண்டுமென்றால் ஃபைன் ஆர்ட்ஸ் சபா இருக்கிறது. எனக்கு அதில் அவ்வளவு ஞானம் இல்லை.

இதெல்லாம் இருப்பதால் இது ஏதோ குட்டித் தமிழ்நாடு என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அப்படி இருந்தால் எனக்கு மூச்சு முட்டும். பிரிவினைக்குப் பிறகு வந்த சிந்திக்காரர்களின் கேம்ப் இங்கேதான். ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் தால் பக்வான் (பருப்போடு மொறுமொறு பூரி) தின்னாத செம்பூர்த் தமிழனை நான் நம்ப மாட்டேன். சுதந்திர இந்தியாவின் முதல் மோனோ ரயில் 2014 பிப்ரவரியில் செம்பூருக்கும் வடாலாவுக்கும் இடையே ஓடியபோது மொத்தப் பேட்டையும் வேடிக்கை பார்க்கப் போனது. அம்மா ஒரு தடவை ஏறினாள். "தொட்டில் மாதிரி ஆடுது" என்றாள், அத்தோடு சரி.

ஆனால் தம்பி சொல்வதில் ஒன்று என்னை உறுத்துகிறது. "நீ சொல்ற செம்பூர் இன்னும் எத்தனை நாளைக்கு?" என்றான். இங்கிருந்த ராஜ் கபூரின் ஆர்.கே. ஸ்டுடியோவே 2017இல் எரிந்து, 2019இல் விலைபோய்விட்டது. எங்கள் தெருவில் மட்டும் மூன்று கட்டடங்கள் பச்சைத் துணி போர்த்தி நிற்கின்றன. எங்கள் சொசைட்டியிலும் ரீடெவலப்மென்ட், அதாவது பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டும் பேச்சு, ஆரம்பித்தாயிற்று. முழங்கால் வலிக்கு லிஃப்ட் நல்லதுதான், எனக்கும் தெரியும். கட்டி முடிக்கும் வரை எங்கே வாடகைக்கு இருப்பது, திரும்பி வரும்போது கீழே எந்தக் கடை மிச்சம் இருக்கும் என்பதுதான் தெரியவில்லை.

போன மாத மீட்டிங்குக்கு பில்டர் ஆள் ஒருவர் வழவழப்பான புத்தகத்தோடு வந்தார். நீச்சல் குளம், ஜிம், மொட்டை மாடியில் தோட்டம் என்று படம் படமாகக் காட்டினார். அம்மா கடைசி வரை பொறுமையாகப் பார்த்துவிட்டு என் கையைத் தட்டி, "பூக்காரி எதுவரைக்கும் உள்ள வரலாம்னு கேளு" என்றாள். நான் இந்தியில் கேட்டேன். அவர் புத்தகத்தைப் பின்னாலிருந்து ஒரு தடவை புரட்டினார். "கேட்டில் செக்யூரிட்டி இருப்பாங்க" என்றார்.

அடுத்த மீட்டிங் வருகிற ஞாயிறு. தம்பி, வருவதாக இருந்தால் வா, தால் பக்வான் வாங்கித் தருகிறேன்.