அம்மாவின் பெயரில் ஒரு ழகரம்

போன நவம்பரில் அப்பாவின் ராணுவப் பென்ஷனுக்காக வருடாவருடம் காட்ட வேண்டிய உயிர்ச்சான்றை எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கட்டைவிரல் ரேகை தேய்ந்துபோனதால் கருவி அவரை ஏற்கவில்லை. முகத்தைக் காட்டினால் போதும் என்கிற செயலியைக் கைபேசியில் இறக்கி, வாசல் வெளிச்சத்தில் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னேன். உட்கார மாட்டேன் என்றார். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை மாட்டிக்கொண்டு, குதிகால்களைச் சேர்த்து, கைகளைத் தொடையோடு ஒட்டி விறைப்பாக நின்றார். கண்ணைச் சிமிட்டச் சொல்லித் திரையில் எழுத்து வருகிறது. அப்பா சிமிட்டவில்லை.

"அப்பா, ஒரு தடவை சிமிட்டுங்கள்."

"சாவ்தானில் நிற்கும்போது எவனாவது சிமிட்டுவானா?" அணிவகுப்பில் 'அட்டென்ஷன்' என்பதற்குப் பட்டாளத்து இந்திச் சொல் அது.

நான்காவது முறை அம்மா சமையலறையிலிருந்து வந்து அவர் முகத்துக்கு நேரே முந்தானையை ஓர் உதறு உதறினாள். சிமிட்டினார். அவர் உயிரோடு இருப்பதை அரசாங்கம் ஒப்புக்கொண்டது.

சிரித்துவிட்டோம். ஆனால் 2022 நினைவுக்கு வந்தால் சிரிப்பு நின்றுவிடும். ராணுவப் பென்ஷன் வங்கிகளின் கையிலிருந்து ஸ்பர்ஷ் என்ற பாதுகாப்புத் துறையின் பென்ஷன் இணையதளத்துக்கு மாறிக்கொண்டிருந்த நேரம். வருடாந்தரச் சரிபார்ப்பு முடியவில்லை என்று 58 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு ஏப்ரல் மாதப் பென்ஷன் நின்றது. கூச்சல் எழுந்த பிறகு, இந்த ஒரு முறை மட்டும் சலுகை என்று சொல்லி மே மாதத் தொடக்கத்தில் பணத்தைப் போட்டார்கள். உழைத்துச் சம்பாதித்த பென்ஷனுக்குச் சலுகை என்று பெயர் வைத்ததை நான் இன்னும் மறக்கவில்லை.

அப்பா ஏற்காட்டு மலைக்காரர். 1969-இல் பட்டாளத்தில் சேர்ந்தார், 1971 போரில் மேற்கு எல்லையில் இருந்தார், 1986-இல் நாயக் என்ற ரேங்க்கோடு வெளியே வந்தார். பதினேழு வருடச் சேவை. ஊர் திரும்பியபோது வயது 36. இதை மட்டும் பலருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது: ஆட்சியர் அலுவலகத்து எழுத்தர் வேலையில் வேர்பிடித்துப் பதவி உயர்வுக்குக் காத்திருக்கும் வயதில் சிப்பாயின் வேலை முடிந்துவிடுகிறது. வாழ்நாளின் பெரிய பாதி அவனுக்கு அதற்குப் பிறகுதான். அப்பா அந்தப் பாதியில் இருபது வருடத்தைச் சேலத்து நகைக்கடை ஒன்றின் வாசலில், ராத்திரிக் காவலில் கழித்தார். மலையிலிருந்து சாயங்கால பஸ்ஸில் இறங்குவார். காலை பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் தூங்கியபடியே கடந்து வீடு வந்து சேருவார்.

கறுப்பு ட்ரங்குப் பெட்டி ஒன்று இன்னும் வீட்டில் இருக்கிறது. மூடியில் வெள்ளைப் பெயின்ட்டில் அவருடைய நம்பர், ரேங்க், பெயர். உள்ளே இப்போது மிளகு கொட்டி வைத்திருக்கிறோம். மேற்கு எல்லைப் போருக்காகக் கொடுத்த பஸ்சிமி ஸ்டார் பதக்கம் அந்த மிளகுக்கு அடியில் ஒரு துணிப்பையில் கிடக்கிறது. ஆகஸ்ட் 15 அன்று பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டால் எடுத்து மாட்டிக்கொள்வார். அன்றைக்கு மட்டும் மிளகு நெடி அடிக்கும் பதக்கத்தோடு அவர் 'நம் ராணுவ வீரர்'. மற்ற நாட்களில் ஊருக்கு மிலிட்டரி என்ற சொல்லுக்கு இரண்டே பொருள்தான். ஒன்று சாப்பாட்டுக் கடைப் பலகையில் எழுதியிருக்கும், கறிக்குழம்பு கிடைக்கும் என்பதற்கு அடையாளம். இன்னொன்று ராணுவக் கேன்டீனின் மது பாட்டில். அப்பா குடிப்பதில்லை. ஆனால் மாதம் பிறந்தால் "கோட்டா வாங்கியாகிவிட்டதா?" என்று நலம் விசாரிக்க வரும் உறவினர் கூட்டத்துக்குக் குறைவில்லை. என் திருமணத்தின்போது சம்பந்தி வீட்டார் சீர்வரிசை எதுவும் கேட்கவில்லை, பெருந்தன்மையான மனிதர்கள். ஆறு பாட்டில் ரம் மட்டும் கேட்டார்கள்.

ஊர் எப்படியோ போகட்டும், அதற்கு நான் சட்டம் போட முடியாது. அரசாங்கத்தின் மீதுதான் என் கோபம். அதுவும் மரியாதை போதவில்லை என்ற கோபமில்லை. மாலை, சால்வை, கொடிநாள் எல்லாம் தாராளமாகவே நடக்கின்றன. 1949-இலிருந்து டிசம்பர் 7-ஆம் தேதி தவறாமல் கொடிநாள் வருகிறது. தமிழ்நாட்டு அரசு 'முதல்வரின் காக்கும் கரங்கள்' என்று முன்னாள் படைவீரர்களுக்குத் தொழில் கடன் திட்டம் கொண்டுவந்திருக்கிறது, 30 சதவீத மானியத்தோடு. 36 வயதில் ஊர் திரும்புகிறவருக்கு நல்ல திட்டம், குறை சொல்லமாட்டேன். ஆனால், தாங்களே சேர்த்துக்கொண்டு, தாங்களே நம்பர் போட்டு, பதினேழு வருடம் இமயம் முதல் பாலைவனம் வரை அனுப்பிவைத்த ஓர் ஆளை, அவர் ஊர் திரும்பிய மறுநாளிலிருந்து 'நீ யார், நிரூபி' என்று சாகும்வரை கேட்டுக்கொண்டே இருக்கிறார்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அம்மாவின் பெயரில் ஒரு ழகரம் இருக்கிறது. 1976-இல் திருமணம் ஆனதும் அப்பா அந்தப் பெயரைத் தன் யூனிட்டில் பதிவு செய்தார். பார்ட் டூ ஆர்டர் என்பார்கள். சிப்பாயின் வீட்டில் கல்யாணம், பிறப்பு எது நடந்தாலும் அதில் ஏற வேண்டும். எழுதியவர் வடக்கத்தி எழுத்தர். ழகரத்துக்கு அவர் என்ன செய்வார், பாவம். 'எல்' போட்டுவிட்டார். பென்ஷன் ஆணையிலும் அதே 'எல்'. வங்கிப் புத்தகத்தில் 'இசட்'. ஆதாரில் 'இசட் ஹெச்'. ரேஷன் கார்டில் மட்டும் தமிழில் சரியாக இருக்கிறது, ஆனால் அதை வடக்கே யாரும் படிக்கமாட்டார்கள். பிறந்த தேதி இன்னும் மோசம். அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. காபி பழுத்த மாதத்தில் பிறந்தவள் என்பதுதான் பாட்டி சொன்ன கணக்கு. அப்பா உத்தேசமாக 1956 என்று எழுதிக்கொடுத்தார். ஆதார் எடுக்க வந்தவர் அவராகவே 1958 ஜனவரி 1 என்று போட்டுக்கொண்டார்.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: அப்பாவுக்குப் பிறகு அம்மாவுக்கு வரவேண்டியது குடும்பப் பென்ஷன். கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்பது அடிப்படை. எண்பது வயதானால் அதன்மேல் 20 சதவீதம் கூடும். அந்த எண்பது எந்த வருடம் என்பதை முடிவு செய்வது அந்தத் தேதிதான். பெயர் பொருந்தாவிட்டால் முதல் மாதமே சிக்கல். எங்கள் பக்கத்தில் ஒரு விதவைத் தாயார், புருஷன் இறந்து பதினோரு மாதம் ஓர் எழுத்துப் பிழைக்காக அலைந்ததைப் பார்த்தவர் அப்பா. அதனால், 'நான் இருக்கும்போதே சரிசெய்துவிட வேண்டும்' என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். இத்தனை எழுத்திலும் இருக்கும் பெயர் ஒருவருடையதே என்று வழக்கறிஞரிடம் பிரமாணப் பத்திரம் வாங்கினோம். சேலத்தில் ஒரு ஸ்டுடியோவில் ஜாயிண்ட் போட்டோ எடுத்தோம். அப்பா கோட்டும் பதக்கமுமாக வந்திருந்தார். கேமராவைச் சரிசெய்த பையன், "ஐயா எந்த பேங்க்கில் செக்யூரிட்டி?" என்று கேட்டான். அவன் மேல் தப்பில்லை. அவன் பார்த்த முன்னாள் ராணுவத்தினர் எல்லாரும் ஏதோ ஒரு கதவுக்குப் பக்கத்தில் நிற்பவர்களாகத்தான் இருந்திருப்பார்கள்.

திருத்தம் கேட்டு அனுப்பிய காகிதங்கள் இரண்டு முறை திரும்பி வந்தன. முதல் முறை, போட்டோவின் மேல் கையெழுத்துப் பாதி விழவில்லை. இரண்டாம் முறைக்கான காரணம் எங்களுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இது ஏதோ எங்கள் வீட்டுத் தலையெழுத்து என்று நினைத்துவிடாதீர்கள். சேவையின்போது நோய் வந்து வெளியே அனுப்பப்பட்ட சிப்பாய், அந்த நோய் சேவையால் வந்தது என்று வருடக்கணக்கில் வழக்காட வேண்டியிருந்தது. சேரும்போது பரிசோதித்த மருத்துவர் அந்த நோயைக் குறித்து வைக்கவில்லை என்றால் அது சேவையால் வந்ததாகவே கொள்ள வேண்டும், நிரூபிக்கும் பொறுப்பு வீரனுடையதல்ல என்று தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-இல் சொன்னது. சொன்ன பிறகும் அதே மாதிரி வழக்குகள் நீதிமன்றப் படியேறுவது நிற்கவில்லை.

ஒரே ரேங்க் ஒரே பென்ஷன், அதாவது ஒரே ரேங்க்கில் ஒரே அளவு சேவை செய்தவர்களுக்கு எப்போது ஓய்வு பெற்றிருந்தாலும் ஒரே பென்ஷன் என்கிற கதையும் இதுதான். கிழவர்கள் 2015-இல் டெல்லி ஜந்தர் மந்தரில் போராட்டத்துக்கு உட்கார்ந்த பிறகு நவம்பரில் ஆணை வந்தது. ஐந்து வருடத்துக்கு ஒரு முறை திருத்தம் என்றார்கள். 2019-இல் வரவேண்டிய திருத்தத்துக்கு 2022 டிசம்பரில்தான் ஒப்புதல் கிடைத்தது. நிலுவைத் தொகையையாவது ஒழுங்காகக் கொடுத்தார்களா? அதற்கும் உச்ச நீதிமன்றம் 2023 மார்ச்சில் தேதி குறித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. எழுபது தாண்டியவர்களுக்கு ஜூன் 30-க்குள் என்று கெடு. அப்பாவுக்கு அப்போது எழுபத்துமூன்று. கிழவனாக இருப்பதில் இப்படி ஒரு லாபம் உண்டு என்று அன்றைக்குச் சந்தோஷப்பட்டார்.

இப்போது மலையில் பையன்கள் அக்னிவீரராகப் போகிறார்கள். நான்கு வருடம், கையில் சுமார் 11.71 லட்சம், நூற்றில் இருபத்தைந்து பேருக்கு மட்டும் மேற்கொண்டு பட்டாளம். மற்றவர்களுக்குப் பென்ஷன் கிடையாது, முன்னாள் படைவீரர் என்ற பெயரும் கிடையாது. அவர்கள் எதையும் நிரூபிக்க வேண்டியிருக்காது என்று அப்பா சொன்னார். கேலியாகச் சொன்னாரா என்று முகத்தைப் பார்த்தேன், தெரியவில்லை.

மூன்றாவது முறை காகிதங்களைப் பதிவுத் தபாலில் அனுப்புவதற்கு முன், அம்மா பட்டாளத்துப் பதிவில் உள்ளபடியே கையெழுத்துப் போட்டால் வேலை சுலபமாகும் என்று அப்பாவுக்கு யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள். ஒரு வாரமாகக் காலையில் காபி குடித்ததும் அம்மாவுக்குப் பயிற்சி நடக்கிறது, 'ல' போட்டு. அம்மாவோ அறிவொளி வகுப்பில் எழுத்துக் கற்றவள். ழகரம் சுழிக்க மட்டுமே மூன்று வாரம் ஆயிற்றாம். அதை விட்டுக்கொடுக்க முடியாது என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.