சட்டம் வந்ததும் நின்னு போச்சா?

அண்ணாச்சி, "2023 சட்டத்தோட திருட்டுப் படம் நெட்டில் ஒழிஞ்சிட்டு"ன்னு நீங்க எழுதியிருக்கது சரியில்லை. அந்த சினிமாட்டோகிராஃப் திருத்தச் சட்டம் தியேட்டர்ல கேமரா வச்சுப் பிடிக்கிறதையும், அந்தக் காப்பியைப் பரப்புறதையும் குற்றமாக்குச்சு. 3 மாசம் முதல் 3 வருஷம் வரை ஜெயில்; அபராதம் குறைஞ்சது 3 லட்சம், கூடினா தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை. கடுமைதான். ஆனா ஆள் சிக்கினாத்தானே தண்டனை? திருட்டுப் படம் போடுற தளத்தோட ஒரு முகவரியை முடக்கினா, ஓரெழுத்தை மாத்தி மறுநாளே வேற முகவரியில் வந்து நிக்கான். அதனாலதான் 2019லேயே டெல்லி உயர் நீதிமன்றம், புதுசா முளைக்கிற நகல் தளங்களையும் அதே வழக்கில் சேர்த்து முடக்க வழி செஞ்சது. அப்பவும் நிக்கலை.

சட்டமே வீண்னு நான் சொல்லலை. 2004ல குண்டர் சட்டத்தில் திருட்டு வீடியோவைச் சேர்த்தப்போ பிடிக்கிறதுக்குக் கடைன்னு ஒண்ணு இருந்தது. அம்பாசமுத்திரத்தில் எங்க தெரு மொபைல் கடையில் மெமரி கார்டில் படம் ஏத்திக் கொடுத்த பையன், போலீஸ் ஒருதடவை வந்து கேட்டதுமே நிறுத்திட்டான். அது என் கண்ணால பார்த்தது. இப்ப அதே தெருவில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் டெலிகிராம்ல லிங்க் வந்து விழுது. அனுப்புனது யாருன்னு வாங்குனவனுக்கே தெரியாது.